இரண்டு வீட்டுக்கு ஒரு கதவு

கொட்டகைக் கதவுக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர் நின்றிருந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பள்ளத்திலிருந்து ஏறி வந்த மூடுபனி, கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பேரிமரத்தைப் பாதி மறைத்திருந்தது.

கதவின் அடிப்பக்கம் உளுத்துவிட்டது. தொட்டால் ஈரச் சக்கையாகக் கையோடு வந்தது. அந்த இடத்தைச் சுரண்டி, பொந்தாக்கி, முள்ளம்பன்றி ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது. விதைக்கென்று வைத்திருந்த உருளைக்கிழங்கைக் கடித்து வாரி இறைத்திருந்தது. போகிற அவசரத்தில் உதிர்த்த முட்கள் வாசலிலேயே கிடந்தன.

"முத்தம்மா," என்றார் என் கணவரின் அண்ணன் செல்லத்துரை, தன் மனைவியைப் பார்த்து. "கேக்குறவுகளுக்குச் சொல்லு. பலகை சந்தனவேம்பு. இந்தக் காலத்துல தேடுனாலும் கெடைக்காது. அடியில ஒரு சாண் அறுத்துட்டு ஒட்டுப் போட்டா, இன்னும் ஒரு தலைமுறைக்குக் கெடக்கும்."

முத்தம்மா அக்கா என்னைப் பார்த்தார். "கேட்டியா சரசு?"

எனக்குக் கேட்டது. என் கணவர் குழந்தைவேலுக்கும் கேட்டது. அவர் நின்ற இடத்துக்கும் அண்ணன் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி படுக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. ஆனாலும் நான் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தார்.

"ஒட்டுப் போட்டா போதுமாம்," என்றேன்.

"ஒட்டு மேல ஒட்டுப் போட்டுத்தான் இந்தக் கதியில கெடக்குன்னு சொல்லு. இரும்புச் சட்டம் அடிச்சு தகரக் கதவு போட்டா முள்ளம்பன்னியும் வராது, கரையானும் வராது. ஒரே சோலியா முடிஞ்சிரும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தன் கணவரைப் பார்த்தார். அவர் பேரிமரத்தைப் பார்த்தார்.

இப்படித்தான் எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவே பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக.

பிரிக்க முடியாத இடம்

வடகவுஞ்சிப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பூண்டும் உருளையும் பீன்ஸும்தான் பிழைப்பு. மாமனார் காலமான பிறகு நிலத்தைப் பிரித்தார்கள். ஓடைக்கரை அண்ணனுக்கு, மேட்டு நிலம் தம்பிக்கு. அதில் யாருக்கும் மனக்குறை இல்லை.

கொட்டகையை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதன் நடுவில்தான் புகைக்குழி இருக்கிறது. பூண்டைப் பிடுங்கியதும் தாளோடு கட்டுக்கட்டாக முடிந்து உத்தரத்தில் தொங்கவிடுவோம். கீழே குழியில் கங்கு போட்டு, மெல்லப் புகை விடுவோம். எங்கள் மலைப்பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு அந்தப் புகைதான் காரணம். இருப்பது ஒரே குழி, ஒரே கதவு. ஆகவே வடக்குப் பாதி அண்ணனுக்கு, தெற்குப் பாதி தம்பிக்கு, குழியும் கதவும் பொது என்று முடிவாயிற்று.

கெட்டதெல்லாம் அன்றைக்கு விழுந்த ஒரு வார்த்தையால். சர்வேயர் டேப்பை இழுத்துக்கொண்டே, "மேட்டு நெலத்துக்குத் தண்ணி ஏறாதே, பரவாயில்லையா?" என்று கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "அவன் வெவசாயம் பண்ற லச்சணத்துக்கு அது போதுங்க" என்று சொல்லிவிட்டார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சுற்றிலும் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். என் கணவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அதன்பிறகு அண்ணனிடம் பேசவுமில்லை. தம்பியே பேசாதபோது நான் ஏன் பேச வேண்டும் என்று அண்ணனும் நிறுத்திக்கொண்டார்.

நான் ஒட்டன்சத்திரத்துப் பெண். அப்பா மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவோம். லாரி இரைச்சலுக்கு நடுவில் வளர்ந்த தொண்டைகள். காலையில் ஒரு டிரைவரின் சட்டையைப் பிடிக்கப் போன சித்தப்பா, மத்தியானம் அதே டிரைவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பரோட்டா தின்பார். வெங்காயச் சருகு தலையில் ஒட்டியிருக்க, இருவரும் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள்.

மலைக்காரர்கள் அப்படியில்லை. மெல்லப் பேசுவார்கள். கோபம் வந்தால் இன்னும் மெல்ல. ரொம்பக் கோபம் வந்தால் பேச்சே கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் குளிரைக் கண்டு பயந்ததைவிட இதைக் கண்டுதான் அதிகம் பயந்தேன்.

அந்த நாட்களில் புகைக்குழிப் பக்கம் போய் உட்கார்ந்து அழுவேன். யாராவது கேட்டால் புகை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? முத்தம்மா அக்கா ஒருநாள் வந்து எதிரே உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. ஒரு குச்சியால் கங்கைத் தள்ளித் தள்ளி என் பக்கமாக ஒதுக்கிவிட்டார். என் கை சூடேறும்வரை அங்கேயே இருந்தார்.

அதிலிருந்து பொழுது சாய்கிறபோது அந்தக் குழியோரம்தான் எங்களுக்கு. புகை பார்க்கிற சாக்கில் பேசுவோம். எங்கள் இருவரின் வாழ்க்கையிலும் பாதி அங்கேதான் பேசித் தீர்ந்திருக்கிறது.

கோயமுத்தூர் வழியாக ஒரு தகவல்

நானும் அக்காவும் பக்கத்தில் இல்லாதபோது அண்ணன் தம்பி என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்.

அக்காவின் மகள் கவிதா கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் அண்ணன் நிலத்தில் தண்ணீர்க் குழாய் பிய்த்துக்கொண்டு பீய்ச்சி அடித்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு களை பறிக்கிறார். மேட்டிலிருந்து பார்த்த என் கணவர், செல்போனை எடுத்துக் கோயமுத்தூருக்குப் போன் போட்டார்.

"கவிதா, உங்கப்பாகிட்டச் சொல்லும்மா, மோட்டார நிறுத்தச் சொல்லி."

"சித்தப்பா, நான் மீட்டிங்ல இருக்கேன். அப்பா உங்க கண்ணுக்குத் தெரியுறாரா, இல்லையா?"

"தெரியுறாரு."

"அப்ப ஒரு சத்தம் குடுங்களேன்."

"நீயே சொல்லிரும்மா," என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எடுத்துப் பேசினார், மோட்டாரை நிறுத்தினார், மேட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி களை பறிக்க உட்கார்ந்தார்.

கதவு விஷயத்திலும் கவிதாதான் நடுவில் மாட்டினாள். அப்பாவுக்குப் பலகைக் கதவுப் படங்களும், சித்தப்பாவுக்குத் தகரக் கதவுப் படங்களும் போனில் அனுப்பினாள். கடைசியில் எனக்கு ஒரு செய்தி வந்தது: "சித்தி, எனக்குத் தலை வலிக்குது."

ஆசாரி கேட்ட ஒரே வார்த்தை

நானும் அக்காவும் சேர்ந்து பெருமாள்மலையிலிருந்து ஆசாரியை வரவழைத்தோம். அவர் கதவைச் சுற்றி வந்தார். உளியால் அங்கங்கே குத்தினார். டீ குடித்தார்.

"ஒட்டும் போடலாம், புதுசும் போடலாம்," என்றார். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அண்ணனும் தம்பியும் வந்து எங்கிட்ட ஒரே வார்த்தையாச் சொல்லணும். போன வருசம் ஒரு வீட்டுல அண்ணன் சொன்னாருன்னு சன்னல் மாட்டிட்டு வந்தேன். தம்பி வந்து பேத்து எடுத்து என் பட்டறை வாசல்ல கொண்டாந்து வச்சிட்டாரு. எனக்கு எதுக்குங்க அந்த வம்பு?"

டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போயேவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. என் கணவர் பொந்தின் மேல் ஒரு தகரத் துண்டை வைத்து ஆணி அடித்தார். மறுநாள் பார்த்தால் தகரம் பத்திரமாகச் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. பொந்தின் மேல் ஒரு பலகைத் துண்டு இருந்தது. அதற்கடுத்த நாள் பலகை சுவரோரம் போயிற்று, தகரம் திரும்ப வந்தது. ஆணி அடித்து அடித்து, மிச்சமிருந்த நல்ல மரமும் பிளக்க ஆரம்பித்தது.

ஒரு சாயங்காலம் என் கணவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"நடுவுல செவுரு வச்சிரலாம்னு இருக்கேன். ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு கதவு. அவுக பாட்டுக்கு ஒட்டுப் போட்டுக்கிறட்டும்."

"பொகக்குழி?"

"நாம வேற வெட்டிக்கலாம்."

மறுநாள் குழியோரம் அக்காவிடம் சொன்னேன். அக்கா குச்சியால் கங்கைக் கிளறிக்கொண்டே இருந்தார். "இவுகளும் அதத்தான் சொல்றாக," என்றார். "கல்லுக்குச் சொல்லிட்டாகளாம்."

அதுவரை எங்களுக்கு அது ஒரு கதவுப் பிரச்சினை. அன்றைக்குத்தான் உறைத்தது. சுவர் எழும்பிவிட்டால் நானும் அக்காவும் உட்கார ஒரு இடம் இருக்காது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு புகை, அந்தப் பக்கம் ஒரு புகை. இவர்கள் பேசாமல் இருந்தால் ஒரு வருஷம் இருப்பார்கள், இரண்டு வருஷம் இருப்பார்கள். சுவர் அப்படியா? கட்டியவர்கள் போன பிறகும் நிற்கும்.

"என்னக்கா செய்யிறது?"

"தெரியலையேடி," என்றார் அக்கா. புகை இல்லாத பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கை மாவும் இடுப்புப் பிடிப்பும்

கல் வந்து இறங்குவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது. ஐப்பசி மழை எங்கள் பக்கம் நேராகப் பெய்யாது. பள்ளத்துக் காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் வந்து முகத்தில் அறையும்.

மத்தியானம் நான் கேப்பை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கொட்டகைப் பக்கம் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன்.

கதவின் மேல் கீல் பிய்த்துக்கொண்டுவிட்டது. உள்ளே கங்கு பார்க்கப் போயிருந்த என் கணவர், சரிந்த கதவைத் தோளில் வாங்கி நின்றார். நனைந்து ஊறிய பலகை. ஒரு ஆளால் தூக்கி நிறுத்துகிற கனமில்லை. விட்டால் உள்பக்கம் விழும். அவருக்குப் பின்னால், கை எட்டும் உயரத்தில், அடுத்த நடவுக்கான இரண்டு வீட்டு விதைப்பூண்டும் கட்டுக்கட்டாகத் தொங்கியது. கீழே குழியில் நெருப்பு.

"சரசு! வெரசா வா! புடி!"

நான் படி இறங்கினேன். அப்போது முற்றத்துக்கு எதிர்ப்புறம், தன் அடுப்படி வாசலில் முத்தம்மா அக்கா நிற்பதைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. பிறகு கண்ணால் ஓடைக்கரைப் பக்கம் காட்டினார்.

சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு அண்ணன் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இறங்கிய படியிலேயே நின்றேன்.

"கையெல்லாம் மாவுங்க!" என்று கத்தினேன்.

"மாவாவது மண்ணாவது! மதினி! நீங்களாச்சும் வாங்க!"

"எனக்கு இடுப்புப் புடிச்சுக்கிருச்சு தம்பி! அசைய முடியல!" என்றார் அக்கா, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றபடி.

அண்ணன் முற்றத்துக்கு வந்துவிட்டார். கொட்டகையைப் பார்த்தார். நின்றார். மழை அவர் சாக்கில் பட்டுத் தெறித்தது. தம்பியின் கால் சேற்றில் மெல்லப் பின்னால் சறுக்குவது எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் அவர் நகரவில்லை. கூப்பிடட்டும் என்று நிற்கிறாரா, கூப்பிடாமல் போனால் அவமானம் என்று நிற்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. காற்று அடித்த அடியில் முன்வரிசைக் கட்டுகள் நனைந்து பளபளத்தன. இன்னும் கொஞ்ச நேரம் போனால் நான் அக்காவையும் மீறி ஓடியிருப்பேன். மாவுக் கையைச் சேலையில் துடைக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

என் கணவர் தலையைத் தூக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அண்ணே. புடிண்ணே."

மண்வெட்டி சேற்றில் விழுந்தது. அண்ணன் ஓடியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நிலை

"கீழ புடி. கீழ."

"புடிச்சிட்டேன். உன் பக்கம் எறக்கு."

"மெதுவாடா, காலு பத்திரம்!"

"பொகக்குழி இருக்குண்ணே, பின்னாடி பாத்து!"

மழைச் சத்தத்துக்கு நடுவே இந்த நாலு வார்த்தைகள் காதில் விழுந்தபோது, அக்கா தன் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

கதவைக் கழற்றி, வாசலுக்குக் குறுக்கே படுக்கவைத்துக் கல் முட்டுக் கொடுத்தார்கள். மேலே தார்ப்பாயைக் கட்டினார்கள். அதற்குள் நானும் ஓடிப்போய் நனைந்த கட்டுகளை உள்ளே தள்ளி மாட்டினேன்.

அண்ணன் கீல் பிய்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் தாங்குகிற நிலைச் சட்டத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. ஊறிய அவலில் போகிற மாதிரி.

"நிலையே போயிருச்சேடா."

என் கணவரும் வந்து தொட்டுப் பார்த்தார். "அப்ப ஒட்டுப் போட்டாலும் நிக்காது."

"தகரக் கதவு மாட்டுனாலும் நிக்காது."

அவ்வளவுதான் பேசினார்கள். முதலில் அண்ணனுக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்க ஒரு இருமல் இருமினார். என் கணவர் வெளியே மழையைப் பார்த்துச் சிரித்தார்.

மழை விடும்வரை இருவரும் குழியோரம் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அக்காவும் சுக்குக் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு உடனே திரும்பிவிட்டோம். அக்கா போகும்போதும் வரும்போதும் மறக்காமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டேன். "என்ன பேசுனீங்க?"

"கரையான் மருந்தப் பத்தி."

"அவ்வளவு நேரமுமா?"

ரொட்டியைப் பிய்த்தார். "போன போகம் என் பூண்டு நல்லா வெளஞ்சிருந்துச்சாம். ஓடைக்கரையில இருந்து தெனமும் பாத்தாகளாம். மேட்டு நெலத்துல அவுகளே போட்டிருந்தாலும் அப்படி எடுத்திருக்க முடியாதாம்."

சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டி கேட்டார்.

பச்சையா, நீலமா

மறுநாள் வெள்ளனே ஆசாரிக்குப் போன் போட்டது அண்ணன். ஆசாரி வந்தார். இந்த முறை அண்ணனும் தம்பியும் சேர்ந்தே நின்றார்கள்.

"சொல்லுங்க," என்றார் ஆசாரி. "ஒரே வார்த்தை."

"தகரமே போட்டுருங்க," என்றார் அண்ணன்.

"இல்லண்ணே, பலகை நல்லாத்தான இருக்கு, ஒட்டே போடலாம்," என்றார் என் கணவர்.

"நீதானடா தகரம் தகரம்ன?"

"நீதான் சந்தனவேம்புன்ன."

ஆசாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னய்யா, இப்ப மாத்தி மாத்திப் பேசுறீங்க? மொதல்ல அறுத்துப் பாத்துருவோம்."

பழைய கதவின் அடியில் ஒரு சாண் அறுத்தார். உள்ளே சல்லடை. இன்னும் ஒரு சாண் மேலே அறுத்தார். அங்கேயும் அதே. வெளியே பார்க்கத்தான் சந்தனவேம்பு. உள்ளே வண்டு தின்று மாவாக்கி வைத்திருந்தது. அண்ணன் அந்தத் துண்டைக் கையில் வாங்கித் தட்டினார். பொடி கொட்டியது.

நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அத்தனை நாள் அந்தப் பலகைக்காக மல்லுக்கட்டியவர். அவர் துண்டைக் கீழே போட்டுவிட்டு, "புதுசு," என்றார்.

"புதுசு," என்றார் என் கணவர்.

"அப்பாடா," என்றார் ஆசாரி.

நிலையைப் பிடுங்கிவிட்டு, தரையில் ஈரம் ஏறாதபடி கல் தளம் போட்டு, அதன் மேல் புது நிலை நிறுத்தினார்கள். கல்லுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவருக்காகச் சொல்லி வைத்த கல்லே வந்து இறங்கியது. கதவு சில்வர் ஓக் பலகையில், இரட்டைக் கீல் போட்டு. மாட்டுகிற அன்று நான்கு பேரும் பிடித்தோம். முத்தம்மா அக்காவுக்கு இடுப்பு முழுசாகச் சரியாகிவிட்டிருந்தது. மழை ஓய்ந்து வெயில் வந்ததும் விதைப்பூண்டை எடுத்து நட்டோம். இந்த முறை இரண்டு நிலத்துக்கும் ஒரே ஆட்களை வைத்து.

இதை எழுதுகிற இன்றைக்குக் கதவில் சிவப்பு பிரைமர் மட்டும் இருக்கிறது. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. காலையிலிருந்து அதற்குத்தான் வெளியே ரகளை. நானும் அக்காவும் குழியோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பச்சை அடிச்சா பாசி புடிச்ச மாதிரி இருக்கும்டா!"

"நீலம் அடிச்சா அது என்ன, பஸ் ஸ்டாண்டு கக்கூசா?"

"யாருகிட்டடா பேசுற?"

"உங்கிட்டத்தான்!"

எங்கள் ஒட்டன்சத்திரத்து வீட்டிலேயே இவ்வளவு சத்தம் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

என் கணவர் வேகமாக உள்ளே வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"சரசு, நீயே போயிச் சொல்லு. பச்சைதான்னு சொல்லு அவருகிட்ட."

நான் கங்கைக் கிளறிக்கொண்டே சொன்னேன்:

"எனக்குச் சோலி கெடக்கு. உங்க அண்ணன்தான, நீங்களே போயிச் சொல்லுங்க."